மின்மிதிவண்டி மோட்டாரும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

மின்மிதிவண்டியின் மோட்டாரை வீட்டிலேயே பழுதுபார்க்க முடியுமா என்பதைப் பெரும்பாலும் அந்த மோட்டாரின் அமைப்பே முடிவு செய்கிறது. அந்த அமைப்பு காலத்துக்குக் காலம் மாறியுள்ளது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று மின்மிதிவண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மோட்டார் பின்சக்கரத்தின் குடத்திலேயே (ஹப்) இருந்தது, பற்சக்கரம் இல்லை, 10 வோல்ட் மின்கலம். கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் கொண்ட இவ்வகை மோட்டாரில் முதலில் தேய்வது பிரஷ்தான். மிக்சி, தையல் மோட்டார் ஆகியவற்றுக்கு பிரஷ் மாற்றியவருக்கு இது புதிய வேலை அன்று.

1980களில் நியோடிமியம் காந்தங்கள் வந்தபின் மோட்டார் சிறியதாகவும் வலுவாகவும் ஆனது. பிரஷ் மறைந்தது; சுழலும் காந்தத்தின் நிலையை மூன்று ஹால் உணரிகள் கண்டு சொல்ல, கன்ட்ரோலர் மூன்று பேஸ் கம்பிகளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி அனுப்பியது. 2000க்குப் பின் சீனத்தில் பெருகிய மின்மிதிவண்டிகளில் இத்தகைய ஹப் மோட்டார்களே பெரும்பான்மை.

தேய்வது போய், வேறு பழுதுகள் வந்தன. இவற்றுள் மிகவும் வீணானது அச்சு சுழன்றுவிடுவது. கம்பிகள் யாவும் துளையிட்ட அச்சின் வழியே உள்ளே செல்கின்றன. நட்டு தளர்ந்தால் அச்சே திரும்பிக் கம்பிகளை முறுக்கி அறுக்கிறது. பேஸ் கம்பி உணரிக் கம்பியைத் தொட்டால் உணரியும் போகும். அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு இரும்புப் பட்டை ஒன்று இதைத் தடுத்துவிடும்.

பழுதைக் கண்டறிய மல்டிமீட்டர் போதும். இணைப்பு கொடுத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது, ஒவ்வொரு உணரிக் கம்பியிலும் மின்னழுத்தம் சுழிக்கும் ஏறத்தாழ 5 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறி வர வேண்டும். மாறாத கம்பிக்குரிய உணரியோ இணைப்போ பழுது. கன்ட்ரோலரிலிருந்து கழற்றிய பின்னும் சக்கரம் கையால் சுற்றக் கடினமாக இருந்தால், பேஸ் கம்பிகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக்கூடும். மூடியைத் திறக்கும்போது காந்தம் உள்பகுதியைச் சட்டென இழுக்கும்; விரல் நசுங்குவது இங்கேதான். பழைய உணரியைச் சுரண்டி எடுத்து, புதியதை அதே திசையில் வைத்துப் பற்றவைத்து எபாக்சி இட வேண்டும். பற்சக்கரம் உள்ள ஹப் மோட்டாரில் நைலான் பற்கள் தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றிக் கிரீஸ் இட்டால் போதும். கருகிய காயிலைப் பொறுத்தவரை நிலைமை வேறு: பல மெல்லிய இழைகளைச் சேர்த்து நெருக்கமாகச் சுற்றியிருப்பதால் கையால் கட்டுவது நாள் பிடிக்கும் வேலை; பெரும்பாலோர் மோட்டாரையே மாற்றிவிடுகின்றனர்.

1993இல் யமஹா ஜப்பானில் வெளியிட்ட 'பாஸ்' வண்டியில் மோட்டார் மிதிகட்டைகளுக்கு நடுவே வந்தது. மிதிக்கும் விசையை அளக்கும் உணரி, பற்சக்கரங்கள், மின்சுற்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் நெருங்கிய இந்த நடுமோட்டார் வகை பின்னர் ஐரோப்பாவில் பரவியது. மேடேறுவதற்கு இது சிறந்தது. திறந்து பார்ப்பதற்கு அன்று. பேரிங் மாற்றுவது முடியும் என்றாலும், தனி உதிரிபாகங்களும் கண்டறியும் மென்பொருளும் பல வேளைகளில் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. ஒரு பேரிங்குக்காக முழு மோட்டாரையும் மாற்றும் நிலை இப்படித்தான் உருவானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய இலகு வாகனங்களின் மின்கலங்களை நிறுவனம் சாராத தொழில்முறைப் பணியாளர்களும் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த விதி மின்கலத்துக்கு மட்டுமே, மோட்டாருக்கு அன்று.