தலைமன்னார்க் கடலில் ஓமின் கணக்கு: தந்திவடத்திலிருந்து காற்றாலை வரை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. இரண்டையும் பாடநூல் ஒரே பக்கத்தில் தருவதால் அவை ஒன்றாகவே பிறந்தன என்று எண்ணத் தோன்றும். வரலாறு அப்படியில்லை. தடை முதலில் பயன்பட்டது தூரம் அளக்கத்தான்; வலு விலைப்பொருளானது அதற்கு வெகுகாலம் பிந்தி. மன்னார்க் கரை இரண்டு கட்டங்களையும் கண்டது.

ஓம் தம் விதியை 1827இல் வெளியிட்டார். 1850களின் இறுதியில் இலங்கையின் தந்தித்தொடர் மன்னார் வழியே கடல் கடந்து இந்தியாவோடு இணைந்தபோதும் தடைக்குப் பொது அலகு கிடையாது. ஆங்கிலேயத் தந்திப் பொறியியலாளர் அதை ‘16ஆம் எண் செப்புக் கம்பியில் இத்தனை மைல்’ என்று சொன்னார்கள். வேர்னர் சீமென்ஸ் 1860இல் ஒரு மீற்றர் நீள இரசத் தூணை அலகாக்க முன்வந்தார். 1858இன் அத்திலாந்திக் வடம், அளவு மீறிய அழுத்தத்தையும் தாங்க வேண்டியதாகி, சில வாரங்களிலேயே செயலிழந்திருந்தது. இந்தப் பின்னணியில் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் அலகுகளுக்கென 1861இல் ஒரு குழு அமைத்தது. ஓமும் வோல்ற்றும் அம்பியரும் 1881 பாரிஸ் மாநாட்டில் உலக வழக்காயின.

அலகுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? கடலுக்கடியில் வடம் பழுதானால் முழுவதையும் தூக்கிப் பார்க்க முடியாது. ஒரு கற்பனை வடத்தை எடுப்போம்: நீளம் 20 மைல், மைலுக்கு 10 ஓம், மொத்தம் 200. உறை கிழிந்து ஓரிடத்தில் மின் கடல்நீருக்குள் கசிகிறது. ஒவ்வொரு முறையும் மறுமுனையைத் துண்டித்து வைத்து அளக்கிறோம்: தலைமன்னார் முனையில் மின்கலத்தின் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் 110 ஓம், எதிர்க்கரையில் 150. கசிவிடத்துக்கும் ஒரு தடை உண்டு, அதன் அளவு தெரியாது. ஆனால் அது இரு அளவிலும் ஒரே மாதிரிச் சேர்வதால் கழித்தலில் போய்விடுகிறது: வேறுபாடு 40, இருநூறில் கழித்துப் பாதியாக்கினால் 80. ஆக, தலைமன்னாரிலிருந்து எட்டாவது மைல். கசிவுத் தடை 30 ஓம் என்பதும் கூடவே கிடைக்கிறது. தடைக் கணக்கின் மிக அழகான பயன்பாடு இதுதான் என்பேன்.

தந்திக்கு வேண்டியது ஊசி அசையும் அளவு ஓட்டம் மட்டுமே. வலுவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்று ஜூல் 1841இலேயே சொல்லியிருந்தும், விளக்கொளி வணிகமான பின்னர்தான், 1882இல், வில்லியம் சீமென்ஸ் ‘வாற்று’ என்ற அலகை முன்மொழிந்தார். (230 வோல்ற்றில் எரியும் 60 வாற்று இழை மின்குமிழின் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைத்து ஆறவிட்டு அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும்; சூத்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம், இழை சூடானால் தடை கூடும்.)

ஜூலின் வர்க்கம் மன்னாருக்குப் பெரிய அளவில் வந்தது 2020 டிசம்பரில், தம்பபவனி காற்றாலையோடு. தலா 3.45 மெகாவாற்றில் 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. மூன்று கட்ட மின்சாரத்தில் வெறும் பெருக்கல் போதாது. மூன்றின் வர்க்கமூலமும் சேரும். வலுக்காரணி ஒன்று எனக் கொண்டால், முழு உற்பத்தியையும் 33 கிலோவோல்ற்றில் அனுப்ப 1,800 அம்பியர் வேண்டும். 220இல் 272 போதும். அதே தடையுள்ள கம்பியில் இழப்பு ஏறக்குறைய 44 மடங்கு குறைகிறது. நடுக்குடா உபநிலையத்தில் அழுத்தத்தை உயர்த்துவது இதற்காகவே.

இந்தியாவோடு மின்வலையமைப்பை இணைக்க 2010இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. பேசப்படுவது நேரோட்ட வடம். நீண்ட கடலடி வடத்தில் ஆடலோட்டம் விட்டால், வடமே கொள்ளளவியாகி ஓட்டத்தின் ஒரு பகுதியை விழுங்கும். நேரோட்டத்தில் அந்தத் தொல்லையும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை; அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு.