இமயமலை இஞ்சிக்குப் பேர் வந்த கதை

இஞ்சின்னா வெயிலூர் சமாச்சாரம்னுதான் நினைச்சிருந்தேன். ஓசூர்க் குளிரையே தாங்காதவன் நான் :) ஆனா இமயமலைக் குளிரிலேயே வாழும் இஞ்சிக் குடும்பத்துச் செடி ஒண்ணு இருக்கு. பேர் ராஸ்கோயா பர்ப்யூரியா. குளிர்காலத்தில் இலை, தண்டு எல்லாம் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். மழைக்காலத்தில் முளைத்து, ஆர்க்கிட் மாதிரி ஊதாப் பூ பூக்கும்.

நம்ம ஊருக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? 1800-ல் மைசூர் தேசத்தை ஆராயப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், 1801-ல் கிருஷ்ணகிரி வழியாகத்தான் மெட்ராஸ் திரும்பினார். 1802-ல் நேபாளம் போனார். அங்கே சேகரித்த செடிகளில் இதுவும் ஒண்ணு. 1806-ல் இதற்குப் பேர் வைத்தவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித். புக்கானன் பேரை வைக்கலை. லிவர்பூல்காரர் வில்லியம் ராஸ்கோ பேரை வைத்தார்.

அலைஞ்சவன் ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கான்னு எனக்குக் கோபம். யார் இந்த ராஸ்கோன்னு தேடிப் படிச்சேன்...

லிவர்பூல் அடிமை வியாபாரத்தில் கொழுத்த ஊர். அந்த ஊர் எம்.பி.யாக இருந்துகொண்டே, 1807-ல் அந்த வியாபாரத்தை ஒழிக்க ஓட்டுப் போட்டவர் ராஸ்கோ. ஊர் திரும்பியவரைக் கலகக் கும்பல்தான் எதிர்கொண்டது. பதவியும் போச்சு.

கோபம் தணிந்தது. முழுசா இல்லை. சியவனப்பிராசத்தில் சேரும் காகோலி இந்தக் கிழங்குதான் என்று பலர் சொல்கிறார்கள். அப்படின்னா ஸ்மித்துக்கு ரொம்ப காலம் முன்னாடியே இதற்குப் பேர் இருந்திருக்கு. முதலில் தோண்டி எடுத்த மலைவாசிகள் பேர்தான் எங்கேயும் இல்லை.