ஊசியிலை மரங்களில் உடலணுக் கருவாக்கம்: ஒரு வரலாற்று ஆய்வு

தாவரத்தின் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஓர் உயிரணுவைத் தக்க ஊட்டக் கரைசலில் வைத்துப் பேணினால் அதிலிருந்து செயற்கையாகக் கருவைத் தோற்றுவித்தல் ஒரு நாள் கைகூடும் என்னும் நம்பிக்கையை, ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் காட்லிப் ஹேபர்லாண்ட் 1902-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அவர் வளர்த்த அணுக்களோ சில காலம் உயிரோடிருந்து பருத்தனவேயன்றிப் பிளவுபடவில்லை. அந்நம்பிக்கை மெய்ப்பட்டது 1958-இல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநீர் கலந்த கரைசலில் காரட் அணுக்களை வளர்த்த ஸ்டீவர்டும், ஜெர்மனியில் தனித்து உழைத்த ரைனெர்ட்டும், கிழங்கின் திசுவிலிருந்து கரு போன்ற உருவங்கள் எழுவதைக் கண்டனர். உடலணுக் கருவாக்கம் எனப்படும் இவ்வெற்றி பைன், ஸ்புரூஸ், லார்ச் முதலிய ஊசியிலை விருட்சங்களை எட்ட மேலும் 27 ஆண்டுகள் ஆயின. இத்தாமதத்தின் காரணத்தையும், அது நீங்கிய விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட தேசங்களின் மரத்தொழிலுக்கும் காகிதத் தொழிலுக்கும் ஆதாரமான இவ்விருட்சங்கள் வித்தளிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை; கிளையை வெட்டி நட்டு வேர்விடச் செய்யலாமெனில், மரத்தின் வயது ஏற ஏற அச்சக்தி குன்றிவிடும். ஒரு மரத்தின் சிறப்பு புலப்படும் காலத்தில் அதனைப் பெருக்கும் வழி அடைபட்டிருக்கும் என்பதே வனவியலாரின் நெடுநாள் துயரம். 1950-இல் எர்னஸ்ட் பால் செக்கோயா மரத்தின் திசுவளர்ப்பில் தளிர்கள் எழக் கண்டதும், 1975-இல் அமெரிக்காவில் சாமரும் அவர்தம் தோழர்களும் நீளிலைப் பைனின் வித்திலைகளிலிருந்து முழுக் கன்றுகளைப் பெற்றதும் மெச்சத்தக்க சாதனைகளே. எனினும் தளிரை முதலில் எழுப்பிப் பின்னர் வேறோர் ஊடகத்தில் வேரை வரவழைக்கும் அம்முறை, கருவாக்கம் ஆகாது.

1985-ஆம் ஆண்டு இத்துறையில் ஓர் அதிசய ஆண்டு. சுவீடன் நாட்டு உப்சாலாவில் இங்கர் ஹாக்மனும் சாரா ஃபான் ஆர்னால்டும், செக்கோஸ்லோவாகியாவில் சலூபாவும், நார்வே ஸ்புரூஸ் மரத்தின் கருவிலிருந்து, வெண்மையும் ஒளிபுகும் தன்மையும் வழவழப்பும் கொண்ட ஒரு திசுத்திரளை வளர்த்தெடுத்தனர். அடர்ந்த சிறு அணுக்களாலான தலையும், அதன்கீழ் நீண்டு தொங்கும் வெற்றுக்குமிழ் போன்ற அணுக்களாலான காம்பும் உடைய இளங்கருக்கள் அதனுள் நிறைந்திருந்தன. அதே ஆண்டில் கனடாவில் நாக்மணியும் போங்காவும், ஐரோப்பிய லார்ச் வித்தில் கருவைச் சூழ்ந்து ஊட்டமளிக்கும் திசுவிலிருந்தே கருக்களைப் பெற்றனர். தாயிடமிருந்து மட்டும் வந்த ஒற்றைக் குரோமோசோம் தொகுதியுடைய அத்திசுவும் இவ்வாற்றல் பெற்றிருந்தது வியப்பிற்குரியது.

ஒரே ஆண்டில், வெவ்வேறு தேசங்களில் இவ்வெற்றி வந்தது தற்செயலன்று என்பது என் துணிபு. ஊட்டக் கரைசலின் உப்புகளும், ஆக்சின், சைட்டோகைனின் முதலிய தூண்டுபொருள்களும் முன்னரே கைவசம் இருந்தன. குறைந்திருந்தது, எந்தத் திசுவை எந்தப் பருவத்தில் எடுப்பது என்னும் விவேகமே. முதிராத வித்தின் இளங்கரு இவ்வினைக்கு மிகவும் இசைந்தது. அதற்கு மரத்தின் சுபாவமே துணைநின்றது. பைன் வித்தினுள் ஒரே கருவானது இளமையிலேயே பலவாகப் பிளந்து, அவற்றுள் ஒன்றே இறுதியில் நிலைபெறும் பன்மைக் கருவாக்கத்தை அமெரிக்க அறிஞர் புக்கோல்ஸ் 1918-இலேயே விவரித்திருந்தார். லாப்லாலி பைனிலிருந்து 1987-இல் கன்றுகளை எழுப்பிய பிரமோத் குப்தாவும் டான் டர்சானும், தமது ஆய்வுக்கூடத்தில் கண்ட பெருக்கத்திற்கு அப்பன்மைக் கருவாக்கத்தின் பெயரையே சூட்டினர். ஸ்புரூஸ் வித்தில் இயற்கையாக அப்பிளவு வழக்கமில்லை. ஆகவே இவ்விளக்கம் எல்லா இனங்களுக்கும் முற்றும் பொருந்துவதாகாது என்பதையும் இங்கே கூறவேண்டும்.

பெருகிய கருக்கள் தாமாக முதிரவில்லை. வித்து முதிர்வதற்கு இயற்கையில் துணைசெய்யும் அப்சிசிக் அமிலத்தை ஊடகத்தில் சேர்த்து அவற்றை முதிரச் செய்யும் முறையை ஃபான் ஆர்னால்டும் ஹாக்மனும் 1988-இல் தெளிவுறுத்தினர். 2000-இல் ஃபிலோனோவா, போஸ்கோவ், ஃபான் ஆர்னால்டு முதலியோர், ஒழுங்கான கரு உருவாக வேண்டுமெனில் முதலில் கருக்கள் எழும் மூலத்திரளின் அணுக்களும், பின்னர்க் காம்பின் அணுக்களும் விதிப்படி மடிய வேண்டும் என்று காட்டினர். மரணமும் கருவளர்ச்சியின் ஓர் அங்கம் என்ற இவ்வுண்மையை இத்துறையின் ஆழமான கண்டுபிடிப்பு என்பேன்.

தொழில்துறைக்கோ உறைபனி முறையே அதிக முக்கியம். 1988-இல் கனடாவின் சாஸ்கடூனில் கார்த்தாவும் அவர்தம் குழுவினரும் வெள்ளை ஸ்புரூஸ் அணுத்திரளைத் திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து, மீண்டும் கருக்களையும் கன்றுகளையும் பெற்றனர். இதனால் ஒரு மரபின் அணுக்கள் இளமை மாறாமல் உறைந்து காத்திருக்க, அதன் கன்றுகளை வயலில் ஆண்டுக்கணக்கில் சோதித்து, தேறிய மரபை மட்டும் பின்னர்ப் பெருக்குதல் இயல்வதாயிற்று.

எனினும் ஹேபர்லாண்டின் கனவு முழுமையடையவில்லை. வித்தின் கருவிலிருந்து தொடங்கும்போது, எந்த மரம் உயர்ந்தது என்பது அப்போது நமக்குத் தெரியாது. சிறப்பு தெரிந்த முதிர்மரமோ இம்முறைக்கு எளிதில் இணங்குவதில்லை. 2011-இல் கிளிமாஷெவ்ஸ்காவும் உடனுழைப்போரும் 10 வயது வெள்ளை ஸ்புரூஸ் மரங்களின் தளிர்மொட்டுகளிலிருந்து கருக்களைப் பெற்றனர். அம்மரங்கள் தாமும் உடலணுக் கருவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பிறந்தவையே; காட்டில் தானே வளர்ந்த கிழமரம் ஒன்றிலிருந்து தடையின்றிக் கருவைப் பெறும் வழி இன்னும் அமையவில்லை.