"எழுதியாச்சு" என்று சொன்னது யார்? மெய்நிகர் வட்டு கெட்டுப்போகும் வரலாறு

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் வீட்டு டெஸ்க்டாப் ஒழுங்காகக் கிளம்பிவிடும். அதற்குள் ஓடும் வர்ச்சுவல் மெஷின் மட்டும் "வட்டில் பிழை" என்று கறுப்புத் திரையைக் காட்டி நிற்கும். வெளியூரில் இருக்கும் நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். லினக்ஸ் பெட்டிக்குள் விண்டோஸ் போட்டு டேலி கணக்கு பார்ப்பவர், விண்டோஸுக்குள் லினக்ஸ் போட்டுப் படிக்கும் காலேஜ் பிள்ளை என்று. வெளிப்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருப்பது மட்டும் எப்படிக் கெட்டது? இதற்குப் பதில் தெரிய கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கும் யோசனை புதிதல்ல. 1960களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் மையம் சிபி-40 என்ற அமைப்பைக் கட்டியது. அதன் வழிவந்த விஎம்/370, 1972-ல் அறிவிக்கப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'மினிடிஸ்க்'. நிஜ வட்டில் இந்த சிலிண்டரிலிருந்து அந்த சிலிண்டர் வரை உனக்கு என்று பாகப்பிரிவினை, அவ்வளவுதான். அங்கேயும் வட்டு கெட்டது, ஆனால் காரணம் வேறு. ஒரே மினிடிஸ்க்கை இரண்டு பேர் எழுதும் உரிமையோடு ஒரே நேரத்தில் இணைத்துக்கொண்டால் கோப்பு அட்டவணை குழம்பிவிடும். ஒரே மனைக்கு இரண்டு பட்டா கொடுத்த மாதிரி. இந்த வியாதி இன்னும் போகவில்லை. ஒரே வட்டுப் படிமத்தை இரண்டு மெஷின்கள் திறந்தால் இதே கதிதான். க்யூமு மென்பொருள் படிமக் கோப்புக்குப் பூட்டுப் போட்டது 2017-ல் வந்த 2.10 பதிப்பில்தான்.

1999-ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்து, சாதாரண பிசியிலும் இந்த வித்தை நடக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் மெஷினின் முழு வட்டும் வெளிப்பெட்டியில் ஒரு பெரிய கோப்பு. காப்பி எடுப்பது சுலபம், எடுத்துப் போவது சுலபம். ஆனால் படிகள் கூடிவிட்டன. உள்மெஷினின் கோப்பு முறைமை, போலி வட்டு, படிமக் கோப்பு, வெளி இயங்குதளத்தின் கேஷ், கடைசியில் நிஜ வட்டுக்குள்ளேயே இருக்கும் கேஷ்.

ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தனுப்புகிறோம். அவர் தன் மச்சானிடம் கொடுக்கிறார், மச்சான் தெருமுனைக் கடையில் வைக்கிறார். "கொடுத்தாச்சா?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் "கொடுத்தாச்சு" என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அம்மா கையில் மட்டும் மாத்திரை இல்லை. "எழுதியாச்சு" என்ற சொல்லும் இந்தப் படிகளில் இப்படித்தான் இறங்குகிறது.

யுனிக்ஸ்காரர்கள் வட்டுக் கோளாறுக்கு முன்பே மருந்து கண்டிருந்தார்கள். 1970களின் கடைசியில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே, முழு வட்டையும் சுற்றிப் பார்த்து ஒட்டுப்போடும். வட்டு பெருக்கப் பெருக்க அதற்கு நேரம் போதவில்லை. அடுத்து வந்தது குறிப்பேட்டு முறை. செய்யப்போவதை முதலில் குறித்துவை, பிறகு செய். லினக்ஸில் 2001-ல் சேர்ந்த ஈஎக்ஸ்டி3 இந்த வகை. இது பலிக்க ஒரே நிபந்தனை, குறிப்பு நிஜமாகவே முதலில் வட்டில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் 'ஃப்ளஷ்' கட்டளை. கேஷில் வைத்திருப்பதை எல்லாம் இறக்கு, பிறகு பதில் சொல் என்று அர்த்தம்.

ஃப்ளஷ் வேகத்தைக் குறைக்கும். அதனால் ஈஎக்ஸ்டி3-ல் இந்தக் காவல் பல ஆண்டுகள் இயல்பாக அணைந்தே இருந்தது. 2008-ல் நிலைத்த ஈஎக்ஸ்டி4 அதை இயல்பாகவே போட்டது. ஆனால் உள்மெஷின் ஒழுங்காக ஃப்ளஷ் கேட்டாலும், நடுவில் இருக்கும் மென்பொருள் காதில் வாங்க வேண்டுமே! ஐடிஇ வட்டின் ஃப்ளஷ் வேண்டுகோளை வேகத்துக்காக வழக்கமாகப் புறக்கணிப்போம் என்று வர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டிலேயே எழுதியிருந்தது. க்யூமுவில் ஃப்ளஷ்ஷைக் கண்டுகொள்ளாத கேஷ் முறைக்குப் பெயரே 'அன்சேஃப்'. அது நேர்மை :-)

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். உள்மெஷின் மட்டும் தொங்கினால் ஆபத்து குறைவு. வெளிப்பெட்டியின் கேஷ் உயிரோடு இருக்கும், மெதுவாக எழுதிவிடும். வெளிப்பெட்டிக்கே கரண்ட் போனால்தான் வினை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் மின்தொகுப்புகள் விழுந்து வட இந்தியா இருண்டது நினைவிருக்கும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த ஒரு நொடியில் நடுவழியில் இருந்த எழுத்தெல்லாம் போச்சு.

2014-ல் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, திடீரென்று நின்றால் எந்தெந்த மென்பொருள் தரவைத் தொலைக்கும் என்று சோதித்தது. 11 மென்பொருள்களில் 60 ஓட்டைகள். அந்தப் பதினொன்றில் விஎம்வேர் பிளேயரும் உண்டு. கட்டுரையின் முதல் ஆசிரியர் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை. பெயரைப் படித்ததும் சுசீந்திரம் கோயில் ஞாபகம் வராத நாஞ்சில்காரர் உண்டா?

சரி, கெட்டுப்போன பிறகு என்ன செய்வது? வரலாறு சொல்லும் வரிசை, கீழிருந்து மேலே.

1. மறுபடி மறுபடி பூட் செய்யாதீர்கள். மெஷினை நிறுத்தி, அதன் ஃபோல்டர் முழுவதையும் வேறு வட்டுக்குக் காப்பி எடுங்கள். இனி எல்லா வைத்தியமும் காப்பியில்தான்.

2. நிஜ வட்டின் ஆரோக்கியத்தையும், இடம் நிரம்பிவிட்டதா என்பதையும் பாருங்கள். தானாக வளரும் படிமம் வளர இடமில்லாமல் நின்றிருக்கலாம்.

3. ஸ்னாப்ஷாட் இருந்தால் சங்கிலி முழுதாக இருக்கிறதா பாருங்கள். மூலப் படிமத்தைத் தனியே திறந்து மாற்றியிருந்தால், அதன்மேல் நிற்கும் ஸ்னாப்ஷாட் பொருந்தாமல் போகும்.

4. படிமத்தைச் சோதியுங்கள். க்யூமு படிமம் என்றால் அதன் 'செக்' கட்டளையை முதலில் பார்ப்பதற்கு மட்டும் ஓட்டுங்கள், திருத்தச் சொல்லாதீர்கள்.

5. கடைசியில்தான் எஃப்எஸ்சிகே, அல்லது விண்டோஸின் செக்டிஸ்க். இவை கோப்பு முறைமையை ஒழுங்காக்கும், உங்கள் கோப்பை மீட்டுத் தரும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து வேண்டிய கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பி இருக்கிறவர்கள் நிறைய. அதுவும் அதே வட்டில், அதே படிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வருடக் கணக்கும் குடும்பப் படங்களும் உள்ளே இருந்தால், மெஷினை முறையாக ஷட்டவுன் செய்து, மாதம் ஒரு தடவையாவது வெளி வட்டில் ஒரு காப்பி போட்டு வையுங்கள்.