தீபாவளித் தூக்கும் அஞ்சல் பெட்டியும்

சமைத்தவர் விருந்தினருக்குப் பரிமாறுவது ஒன்று. சமைக்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுத்தனுப்புவது வேறொன்று. விருந்தினருக்கு வயிறும் மனமும் நிறைந்தால் போதும். சமைக்கத் தெரிந்தவரோ தட்டையை ஒடித்துப் பார்ப்பார். உளுத்தமாவு கூடிவிட்டதா, எண்ணெய் காயுமுன் போட்டதா என்பதெல்லாம் முதல் கடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் கைக்குத் தன் பண்டத்தை அனுப்பக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை மக்கள் விரும்பிக் காட்டும் இரண்டு வழக்கங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு போகும் பலகாரத் தூக்கு. மற்றது, வட அமெரிக்காவில் வீட்டுச் சமையலில் ஈடுபாடுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் அடுக்களைப் பரிசுப்பெட்டி.

பெட்டிக்கு விதிகள் எழுத்தில் இருக்கின்றன. 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபூடி பென்பால்ஸ் என்ற மாதாந்திரப் பரிமாற்றத்தில், பெட்டிக்குள் வைப்பவற்றின் விலை 15 டாலரைத் தாண்டக்கூடாது என்பது விதியாக இருந்தது. உள்ளே எழுதிய தாள் ஒன்று கட்டாயமாக இருந்தது. அது கடிதமாகவும் இருக்கலாம், செய்முறையாகவும் இருக்கலாம் என்றார்கள். ஒருவர் யாருக்கு அனுப்பினாரோ அவர் இவருக்கு அனுப்பவில்லை. இவருக்கு அனுப்பியவர் வேறொருவர். தூக்குக்கு விதிகள் வழக்கில் இருக்கின்றன. யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்த வீட்டுக்கு இனிப்பைக் குறைத்துக் காரத்தைக் கூட்ட வேண்டும், போன ரம்ஜானுக்குப் பிரியாணி வந்த வீட்டுக்கு எத்தனை அதிரசம் என்பதெல்லாம் கொடுக்கிற அம்மாவின் மனக்கணக்கு. அங்கே செலவுக்கு வரம்பு இருந்ததால், வசதியுள்ளவர் பெட்டியால் வசதியில்லாதவர் கூச வேண்டியிருக்கவில்லை. இங்கே அந்த வேலையைத் தூக்கின் அளவே செய்துவிடுகிறது. எடுத்துப் போகிறவன் பெரும்பாலும் எட்டு வயதுப் பையன். அவன் கை தாங்கும் எடைதான் வரம்பு.

சங்கிலி அறுந்தால் என்ன செய்வது என்பதையும் இரண்டும் யோசித்து வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பரிமாற்றங்களில் அனுப்ப வேண்டியவர் அனுப்பாமல் விட்டுவிட்டால், ஏமாந்தவருக்கு வேறொருவர் தானாக முன்வந்து பெட்டி அனுப்புவதுண்டு. அவரைத் தேவதை என்றே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் துக்கம் நடந்த வீட்டுக்கு அந்த ஆண்டு பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலகாரம் இல்லாமல் போவதில்லை. அக்கம்பக்கத்துத் தூக்குகள் கூடுதலாகவே வந்து சேரும். அங்கே காரணம் ஒருவரின் தவறு, இங்கே ஓர் இழப்பு. எதுவும் வந்துசேராத வீடு என்று ஒன்று இருக்கக்கூடாது என்ற கவலை மட்டும் இரண்டிலும் ஒன்றே.

பெறுபவரை அறிவதில்தான் வழிகள் பிரிகின்றன. பெட்டி அனுப்புபவருக்குத் தன் இணையைத் தெரியாது. எனவே கேட்கிறார்: உங்களுக்கு எதெல்லாம் ஒவ்வாது, அடுப்பு எத்தகையது, காரம் தாங்குமா, வீட்டில் குழந்தைகள் உண்டா. பதில் வந்த பிறகுதான் பொருள் தேடுகிறார். தன் ஊர்த் தேன், பாட்டி வழி வந்த மசாலாக் கலவை, ஒரு மரக்கரண்டி, நட்சத்திர வடிவ குக்கி அச்சு என்று ஒவ்வொன்றும் அந்த ஒருவரை நினைத்துச் சேர்ந்தது. தூக்கு அனுப்புபவர் எதையும் கேட்பதில்லை. எதிர்வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்ததும், மேல்வீட்டுப் பெண் கருவுற்றிருப்பதும் தெருவுக்கே தெரிந்த செய்தி. அறியாதவர் முயன்று அறிகிறார். அறிந்தவர் அறிந்ததை நம்பிவிடுகிறார். நேர்மையாகச் சொன்னால், கவனிப்பில் பெட்டி ஒரு படி மேலே நிற்கிறது. பழக்கம் கேள்வியை நிறுத்திவிடும். அறிமுகமின்மை கேட்கச் சொல்கிறது.

எழுத்தைப் பற்றிய வேறுபாடும் நின்று பார்க்கத் தக்கது. அமெரிக்கப் பெட்டிக்குள் கடிதமோ செய்முறை அட்டையோ இல்லாவிட்டால் பெட்டி முழுமையில்லை. தூக்குக்குள் அட்டை வைத்தால் நம் வீடுகளில் திகைத்துப் போவார்கள். பதம் கேட்க வேண்டுமானால் மறுநாள் சுற்றுச்சுவர் அருகே நின்று கேட்க வேண்டும். சொல்லும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடுவதும் நடக்கும். இத்தனைக்கும் நாம் பரிசை எழுதிவைக்காத சமூகமல்ல. மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு வைத்தார் என்பது தலைமுறை கடந்தும் அதில் இருக்கும். பணத்தை எழுதினோம், பலகாரத்தை எழுதவில்லை. அவர்கள் நண்பர்களுக்குள் பணத்தைப் பேசத் தயங்குகிறார்கள், பலகாரத்தை அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள்.

இனி பாத்திரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பெட்டி அட்டையால் ஆனது. அந்நாட்டு அஞ்சல் துறை 2004இல் கொண்டுவந்த ஒரே கட்டணப் பெட்டியில், 70 பவுண்டுக்குள் எடை எவ்வளவானாலும் கட்டணம் மாறாது. கனமான ஜாம் புட்டிகள் ஊர்விட்டு ஊர் போக அது பெரிய வசதி. பொருளை எடுத்ததும் அட்டை குப்பைக்குப் போய்விடும், யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தமிழ்த் தூக்கு எவர்சில்வர். அதை உற்றுப் பாருங்கள்: மூடியின் விளிம்பிலோ அடிப்பாகத்திலோ, பாத்திரக்கடைக்காரர் சின்ன இயந்திரத்தால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருக்கும். சிலவற்றில் பெயரோடு திருமண நாளும் இருக்கும். பெயர் வெட்டிய பாத்திரம் உரியவர் வீட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும்போது வெறுமையாகத் திரும்பக்கூடாது. பலகாரம் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது அதில் இருக்கும். ஆகவே ஒரு தூக்கு என்பது இரண்டு பயணம்.

இங்கே வேறுபாடு முற்றுப்பெற்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அமெரிக்க வீடுகளில் அட்டைப்பெட்டிக்கு ஓர் உறவு இருக்கிறது. கொடுக்கும் தட்டு என்ற பெயரில் பீங்கான் தட்டு ஒன்று புழங்குகிறது. அதில் பண்டம் வைத்து அண்டைவீட்டாருக்குக் கொடுத்தால், அவர் தட்டைத் திருப்பித் தரக்கூடாது. தன் பண்டத்தை வைத்து மூன்றாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தட்டுக்கு உரிமையாளர் யாருமில்லை என்ற செய்தி தட்டின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். நம் பாத்திரத்தில் எழுத்து இருப்பது இது இன்னாருடையது என்று சொல்ல. அவர்கள் பாத்திரத்தில் எழுத்து இருப்பது இது யாருடையதுமில்லை என்று சொல்ல. ஆனால் இரண்டு எழுத்தும் கேட்பது ஒன்றைத்தான்: வெறுமையாக அனுப்பாதே. இந்த ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவில்லை. உடைமையை அழுத்திச் சொல்லியும், உடைமையை மறுத்தும் இரண்டு சமூகங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கருவிகளில் இதற்கு நேர்மாறு. அவர்கள் அச்சையும் கரண்டியையும் பரிசாகவே கொடுத்துவிடுகிறார்கள். நாமோ பித்தளை முறுக்கு உழக்கை இரவல் தருவோம். பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒரே உழக்கு மூன்று நான்கு வீடு சுற்றிவரும், யாருக்கும் சொந்தமாகாது.

அடுப்படிக்குள் போனால் ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது. அதிரசத்துக்குப் பாகு வைப்பவர் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டிப் பார்க்கிறார். கரையாமல் இளகலாக உருண்டால் இறக்கிவிடலாம். கல்லென்று இறுகினால் அதிரசம் கடிபடாது. ஜாம் காய்ச்சும் அமெரிக்கப் பெண்மணி குளிர்பெட்டியில் வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்க்கிறார். மேற்பரப்பில் சுருக்கம் விழுந்தால் பதம். ஓடினால் இன்னும் காய வேண்டும். வெப்பமானி இருக்கும் காலத்திலும் இரண்டு பேரும் குளிர்ச்சியையும் விரலையும்தான் நம்புகிறார்கள். புட்டியில் அடைத்த பிறகு அவர் மூடியின் நடுவை ஒருமுறை அழுத்துகிறார். அமுங்கி எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது, அந்தப் புட்டி பரிசாகப் போகாது. நம்மவர் அதிரச மாவுப் பானையை வெள்ளைத் துணியால் வேடுகட்டி நாள்கணக்கில் வைக்கிறார். சுடுவதற்கு முன் ஒரே ஒரு அதிரசத்தைத் தட்டிப் போட்டு, எண்ணெயில் பிரிகிறதா என்று பார்க்கிறார். பிரிந்தால் தூக்குக்கு அன்றைக்கு வேலையில்லை.

அதிரசத்தோடு சேர்த்து வைக்க வேண்டியது கிறிஸ்துமஸ் கால இஞ்சி குக்கி. ஜெர்மானியர் வழி வந்த லெப்குகன் வகையில் தேனும், அமெரிக்க ஜிஞ்சர்பிரெட்டில் கரும்புச் சாற்றின் கருத்த கழிவுப்பாகும் சேர்கின்றன. அதிரசத்தில் வெல்லம். மூன்றுமே ஈரத்தைப் பிடித்து வைக்கும் இனிப்புகள். அதனால்தான் இந்தப் பண்டங்கள் சுட்டு ஒரு வாரம் கழித்தும் மெத்தென்று இருக்கின்றன, தொலைவுப் பயணத்தையும் தாங்குகின்றன. லெப்குகன் மாவையும் அதிரச மாவைப் போலவே ஊறப்போடும் மரபு உண்டு. மணத்துக்கு நம்மவர் சுக்கும் ஏலமும் தட்டிப் போடுகிறார். அவர்களும் இஞ்சித்தூளும் ஏலமும் சேர்க்கிறார்கள். மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு ஐரோப்பா சுற்றி அமெரிக்கப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதே சரக்கு மலையிறங்கி நம் அடுக்களைக்கு வந்திருக்கிறது. பொரிப்பதும் அடுமனையில் சுடுவதும் வேறு, அரிசியும் கோதுமையும் வேறு. பண்டிகைக்கு, பயணத்துக்கு, பகிர்வதற்கு என்று ஒரு பண்டத்தை வடிவமைக்கப் புகுந்த இரண்டு கைகள் கருத்த இனிப்பையும் சுக்கையும் ஏலத்தையும் ஊறலையும் ஒன்றுபோலத் தேர்ந்திருக்கின்றன. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த இடம் இதுதான்.

உயிருள்ள பரிசும் இரண்டு பக்கமும் உண்டு. ஆமிஷ் நட்பு ரொட்டி என்று அமெரிக்காவில் ஒன்று: புளித்த மாவைப் பத்து நாள் வளர்த்து, பங்கு பிரித்து, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றவற்றைச் செய்முறைத் தாளோடு நண்பர்களிடம் ஒப்படைப்பார்கள். நம்மிடம் உறைமோர். வெளியூர் போய்த் திரும்பியவர் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கும் அந்த ஒரு கரண்டிக்கு விலையுமில்லை, நன்றியும் சொல்வதில்லை. விளக்கு வைத்த பிறகு கேட்கக்கூடாது என்பது மட்டும் பல வீடுகளில் கண்டிப்பு.

இரண்டு வழக்கத்துக்கும் நோவும் ஒன்றே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கடை இனிப்புப் பெட்டி நாடா அவிழாமலே கைமாறுகிறது. மூன்றாம் தளத்தில் கொடுத்தது ஏழாம் தளம் சுற்றி வரலாம். அமெரிக்கர்கள் இதை வெகுநாள் முன்பே கண்டார்கள். தொலைக்காட்சியில் ஜானி கார்சன் சொன்ன நகைச்சுவை இன்றும் நினைவுகூரப்படுகிறது: உலகத்தில் இருப்பதே ஒரு ஃபுரூட் கேக்தான், அதையே எல்லாரும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறார்கள். கடைப் பண்டம் கைமாறலாம், அதில் யார் கையும் இல்லை. வீட்டு முறுக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. சுற்றின் அளவும் நெய்வாசமும் அது யார் வீட்டு முறுக்கு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். குக்கி பரிமாற்ற விருந்துகளில் பெரும்பாலும் கடைச் சரக்குக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

எது மேல் என்று கேட்டால், கடனை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். பெட்டியில் கடன் வட்டத்துக்குள் பரவிவிடுகிறது; உங்களுக்கு அனுப்பியவருக்கு நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. அதில் ஒரு விடுதலை இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் சுவையை மாதமெல்லாம் நினைக்க வைக்கும் தூய்மையும் இருக்கிறது. தூக்கில் கடன் முகத்துக்கு முகம். அது ஒருபோதும் தீராது. தீராமலிருப்பதற்காகவே கொஞ்சம் கூடவோ குறையவோ கொடுக்கிறோம். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று கதவைத் தட்ட, அந்தத் தீராத கணக்குதான் உரிமை தருகிறது. அந்த உரிமையை எந்த அஞ்சல் பெட்டியும் தராது. எனவே உறவில் நான் தூக்கின் பக்கம்; அக்கறையில் பெட்டியின் பக்கம்.

இரண்டையும் சேர்த்துக்கொள்ளத் தடையொன்றுமில்லை. தெருவுக்கு இப்போது புதியவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் உடல்நிலை நமக்கு முன்போலத் தெரிவதில்லை. அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் 2004இல் எட்டுப் பொருள்களோடு வந்தது. 2021 சட்டம் ஒன்பதாவதாகச் சேர்த்தது எள்ளை. நம் முறுக்கிலும் தட்டையிலும் அதிரசத்திலும் சேர்வது அதே எள். வீட்டுப் பலகாரத்தைச் சட்டம் கேட்காது. ஆனாலும் வருகிற தீபாவளிக்குத் தூக்கின் மூடிக்கடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்: எந்த எண்ணெய், எள் உண்டா, கடலை உண்டா, எத்தனை நாள் தாங்கும். இடமிருந்தால் பாகுப் பதத்தையும் எதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.