ஏக்கர் போய் பேர்ச் வந்த கதை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஒதுங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான். அந்தத் துயரைக் கவிதையாகவும் கதையாகவும் நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். காணியைப் பற்றி எழுதியது குறைவு.

அதற்கு முன் கற்பிட்டி வீதியோரத்தில் காணி ஏக்கரில்தான் பேசப்பட்டது. தோட்டத்தில் எத்தனை தேங்காய் விழும் என்பதே விலை. வந்தவர்கள் கிடுகுக் குடிசை போட இலவசமாக இடம் கொடுத்த தோட்டக்காரர்களும் இருந்தார்கள். அதை மறக்கக் கூடாது. ஆனால், முகாம் வாழ்க்கை இப்போதைக்கு முடியாது என்று விளங்கியதும் தோட்டங்கள் துண்டாகின. ஓர் ஏக்கர் 160 பேர்ச். காய்க்கிற மரத்தைவிட அது நின்ற மண் பெறுமதியாயிற்று. தவணைக்குக் காசு கட்டி, வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கிப் பலர் குடியேறினார்கள். உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியில் 2007இல் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்து காணி உரித்தைக் கேட்டபோதுதான் அந்தக் கடதாசியின் பெலவீனம் தெரிந்தது.

"அகதிகள் வந்துதான் விலை ஏறியது" என்று என் ஊரார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். குமருக்கு ஒரு துண்டு வாங்க நினைத்த உள்ளூர்க் கூலிக்காரனுக்கு விலை எட்டாமற் போனது உண்மைதான். ஆனால் விற்றவர்கள் யார்? நம்மவர்கள்தானே!

இதில் தலைக்கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் வீடோ நிலமோ கொடுக்காமல் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவது அரிது. 1990இல் ஒரே குடும்பமாகப் பதியப்பட்ட வாப்பாவுக்கு நான்கு பெண் மக்கள் என்றால், பதினைந்து இருபது வருடத்தில் ஐந்து வீடு வேண்டும். ஆகவே காணிக்கான நெருக்கடி இரண்டு முறை வந்தது: வந்திறங்கியபோது ஒன்று, முகாமில் வளர்ந்த பிள்ளைகள் கல்யாண வயதை எட்டியபோது மற்றொன்று. இரண்டாவதை எவரும் எதிர்பார்த்துத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களையும் அதே கணக்கு விடவில்லை. விட்டுப்போன வளவு ஒன்று. உரிமை கேட்கும் குடும்பம் ஐந்து. மன்னார் முசலியில் காணிகள் காடாகிக் கிடந்தன. மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதியை 2012இல் வர்த்தமானி வன ஒதுக்கமாகவே அறிவித்தது.

மூத்த மகள் முசலிக்குத் திரும்ப, இளையவள் தவணைக் காணியிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இங்கே பல. அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால், சிலர் இரண்டு ஊர்ப் பெயர் எழுதுகிறார்கள்.