வன்னிநாட்டில் யானை பழக்கிய கலை

வன்னிநாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அந்நாட்டுக் குறுநிலத் தலைவரின் குடிவழியையும், அவர் செலுத்திய திறையையும், அந்நியரோடு அவர் புரிந்த போரையுமே விரித்துரைப்பர். திறையாகச் சென்ற யானைகளைப் பற்றிய குறிப்பும் அவ்வரலாறுகளில் இடம்பெறும். ஆயின், காட்டிலே தன் மனம்போலத் திரிந்த அவ்விலங்கு மனிதன் சொற்கேட்டு நடக்கும் நிலையை எவ்வாறு எய்தியது, அந்நிலைக்கு அதனைக் கொணர்ந்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இக்கட்டுரை அவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதாகும்.

இளங்குதிரையை ஏறிச் செலுத்தப் பழக்குவோர் முதலில் அதன் அச்சத்தை நீக்குவர். பின்னரே அதன் முதுகிற் சேணமிடுவர். அச்சம் நீங்குமுன் சுமையேற்றினால் குதிரை கெடும் என்பது அத்தொழில் வல்லார் யாவரும் அறிந்த உண்மை. குதிரை நம் நாட்டுக்குக் கடல்வழி வந்த விலங்கு. நெடுந்தீவில் இன்றும் கட்டின்றித் திரியும் குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தின் எச்சங்களே. வன்னிக்கு உரிய விலங்கோ யானை. குதிரைக்கு மொழிந்த அவ்வுண்மை யானைக்கும் பொருந்துமோ என்பதனை வன்னியின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

ஈழத்து யானையின் புகழ் மிகத் தொன்மையானது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த உரோம நாட்டு எழுத்தாளராகிய ஈலியன், இத்தீவினர் யானைகளைப் பெரிய மரக்கலங்களில் ஏற்றிச்சென்று கலிங்க நாட்டு மன்னனுக்கு விற்றனர் என்று குறித்துள்ளார். இக்குறிப்பிலிருந்து நாம் உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. சினந்து நிற்கும் காட்டு யானையை மரக்கலத்தில் ஏற்றுதல் இயலாது. அது கலத்தையும் அழித்துத் தன்னையும் மாய்த்துக்கொள்ளும். ஆகவே, யானை வாணிகம் நடைபெற்ற காலமெல்லாம் யானை பழக்கும் கலையும் உடன் நிலவியிருத்தல் வேண்டும்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் அஃது ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்விரு சாராரும் வன்னித் தலைவரிடமிருந்து நாடிய திறைப்பொருள் யானையே. ஒல்லாந்தக் கம்பனியார் அதனைப் பெருவருவாயாக மதித்தனர். கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வணிகர் யாழ்ப்பாணம் வந்து யானைகளை விலைக்கு வாங்கிச் சென்றனர். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டர் சுவார்டகுரூன் தமக்குப் பின் வருவோருக்கென எழுதிவைத்த அறிக்கையில் யானைத் திறையும் யானை விற்பனையும் சிறப்பிடம் பெறுகின்றன. வன்னித் தலைவர் திறையை நிலுவை வைப்பதும், கம்பனியார் அதன்பொருட்டு முனிவதும் அக்கால அரசியலின் இடையறாத செய்திகளாகும்.

காட்டிலிருந்து கடல்வரை யானை சென்ற வழியை ஊர்ப்பெயர்கள் இன்றும் நமக்கு உணர்த்துகின்றன. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே பணிக்கன்குளம் என்றோர் ஊர் உளது. பணிக்கன் என்னுஞ் சொல் ஈழத்திலே யானை பிடித்துப் பழக்குவோனைக் குறிக்கும். அக்கராயனை அடுத்து ஆனைவிழுந்தான் இருக்கின்றது. வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு ஆனையிறவு எனப்பட்டது. அதனைக் கடந்து யாழ்ப்பாண நகரை அடையின் ஆனைப்பந்தி என்னும் இடப்பெயரைக் காண்கிறோம். பந்தி என்பது விலங்குகளைக் கட்டும் இடம். ஈற்றில் ஊர்காவற்றுறை. அத்துறையின் ஐரோப்பியப் பெயர் கப்பல்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் பிறந்தது. இந்நெடுவழியை யானை தன் காலாலேயே நடந்து கடந்தது. வழியெங்கும் அதனை நடத்திச்சென்றவர் பணிக்கரும் பாகருமே.

இப்பணிக்கர் யாவர்? 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் இவர்களைக் குறித்து எழுதியுள்ளார். தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த இவர்கள், வழிவழியாக யானை பிடித்து இந்திய அரசர்க்கு அனுப்பி வந்தவர்கள். மட்டக்களப்புப் பகுதியில் ஏறாவூர்ப் பணிக்கரும் இத்தொழிலிற் புகழ்பெற்றவரே. இவருடைய கருவி துப்பாக்கியன்று. மான் தோலாலோ எருமைத் தோலாலோ முறுக்கிய கயிறு ஒன்றே. இருவர் மாத்திரம் யானையின் பின்னே ஓசையின்றிச் சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டு, கயிற்றின் மறுதலையை மரத்திற் பிணிப்பர். அதன்பின் அவர் செய்வதே நம் கருத்துக்குரியது. பிணித்த யானையை விட்டு அவர் அகலார். அதன் அருகிலேயே கிளைகளால் குடிலமைத்து, தீ மூட்டி, அதன் சினம் தணியும்வரை உடன் தங்குவர். சினம் தணிந்தபின் வாழைப்பழமும் பசுந்தழையும் கொடுத்துத் தேற்றுவர். அதன்பின் மெல்ல மெல்லக் காட்டுவழியே நடத்திச் செல்வர்.

இம்முறை முழுவதும் மென்மையானது என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். பசியும் கயிறும் புகையும் யானையின் வலிமையை ஒடுக்கின என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், ஒடுக்குதல் வேறு, பழக்குதல் வேறு. முன்னையது சில நாளில் முடியும். பின்னையது பல திங்கள் வேண்டுவது.

தீவிலே புதிதாகப் பிடிபட்ட யானைகளைப் பழக்கிய முறையைத் தெனன்ற் விரிவாக எடுத்துரைக்கின்றார். முதற் சில நாள் யானைக்கு யாதொரு தொல்லையும் கொடாது, அது தானாக உண்ணத் தொடங்கும்வரை காத்திருப்பர். பழகிய யானை இரண்டினை அதன் இருபுறமும் நிறுத்துவர். பின்னர் ஒருவன் இரும்புத் தோட்டியை நீட்டிப்பிடித்து முன்னே நிற்க, வேறு சிலர் அதன் முதுகைத் தேய்த்து வருடுவர். வருடும்போது இன்னோசையாற் பாடி, யானையின் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மகனே என்றும் தந்தையே என்றும் தாயே என்றும் அழைப்பர். யானை சினந்து துதிக்கையை வீசினால் அது தோட்டியின் முனையிற் படும். வீசுதல் தனக்கே நோவாதலை உணர்ந்து அது துதிக்கையைச் சுருட்டிக்கொள்ளும். அதன்பின் பழகிய யானைகளின் நடுவே அதனைக் குளத்துக்குக் கொண்டு சென்று நீராட்டுவர். கயிறு அறுத்த காற்புண் ஆறுதற்கு நெடுநாட் செல்லும்.

ஏறக்குறைய இரண்டு திங்களில் பாகன் துணையானையின்றித் தனியே ஏறிச் செலுத்தலாம். மூன்று நான்கு திங்களில் வேலைக்கு இணங்கும் அளவுக்கு அது அடங்கிவிடும். செங்கல்லுக்கு மண் மிதித்தலும், பழகிய யானையோடு இணைந்து வண்டி இழுத்தலும் அதற்கு அளிக்கும் முதற் பணிகள். எனினும், அடங்கிய யானையை உடனே வேலைக்குப் பூட்டுதல் தகாது என்று அவர் எச்சரிக்கின்றார். ஏனெனில், முதன்முறை பூட்டப்பட்ட அன்றே கீழே படுத்து உயிர்நீத்த நல்ல யானைகள் பல. நோயொன்றும் புலப்படாத இச்சாவுக்கு இந்நாட்டு மக்கள் கூறிய காரணம் அதன் நெஞ்சு உடைந்தது என்பதே.

இவ்வெச்சரிக்கைக்குச் சான்றாக அரசாங்கக் கணக்கொன்றையும் அவர் தருகின்றார். 1831 முதல் 1856 வரையுள்ள 25 ஆண்டுகளில் இலங்கை அரசாங்கப் பணியிலிருந்த 240 யானைகள் இறந்தன. அவற்றுள் 138 யானைகளுக்கே பிடிபட்டபின் வாழ்ந்த கால அளவு பதிவாகியுள்ளது. அந்த 138இல் 72 யானைகள் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. அந்த 72இலும் 35 முதல் ஆறு திங்களுக்குள் மடிந்தன. நூறாண்டை அணுகி வாழும் எனப் பொதுமக்கள் கருதிய விலங்கு, அரசாங்கத்தின் கையில் பாதிக்குமேல் ஓராண்டும் தாங்கவில்லை. எல்லா இறப்புக்கும் அவசரம் ஒன்றே காரணம் என்று துணிதல் கூடாது. காற்புண்ணும் பிறவும் காரணமாயிருக்கலாம். ஆயினும், பிடித்தவன் தன் வெற்றியாகக் கொண்டாடிய நாளுக்கும் யானை பயன்பட்ட நாளுக்கும் இடையே எத்துணைப் பெரிய இடைவெளி இருந்தது என்பதை இக்கணக்கு ஐயமறக் காட்டுகின்றது. அவ்விடைவெளியைக் கடப்பித்தவன் பாகன். திறைக்கணக்கில் யானைக்கு விலையுண்டு, பாகனுக்குப் பெயரில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கலையின் மதிப்புக் குன்றியது. யானை வேண்டப்படும் பொருளென்ற நிலை மாறி, பயிரை அழிக்கும் பகையென்ற நிலை வந்தது. ஆங்கில அரசு யானையைக் கொல்வோருக்குப் பரிசு வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று தெனன்ற் எழுதுகின்றார். 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை, அம்மாகாணம் வன்னியோடு நுவரகலாவியையும் உள்ளடக்கியிருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒரு யானையைப் பழக்க நான்கு திங்கள் செல்லும்; கொல்ல ஒரு நொடி போதும். பரிசு அந்த ஒரு நொடிக்கே கிடைத்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிற்காலத்தில் யானைக்கு ஓரளவு அரணாயிற்று.

இன்று வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் யானை உண்டு. பணிக்கர் தொழில் இல்லை. 2009இல் போர் ஓய்ந்தபின் மீள்குடியேறிய உழவர் பலர் இரவில் வயற்காவலிருந்து யானையை வெருட்டுகின்றனர். மனிதரும் மடிகின்றனர், யானையும் மடிகின்றது. பழைய பிடித்தொழிலை மீண்டும் தொடங்குக என்று எவரும் கூறார், கூறுதலும் தகாது. காட்டு யானை காட்டிலே வாழ்தலே முறை. ஆயின், யானையின் மனத்தை அணுக்கமாக அறிந்த ஒரு மக்கட் கூட்டம் இம்மண்ணில் வாழ்ந்தது என்பதையும், அவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமலே மறைந்துபோயிற்று என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வன்னி மாணவர் தம் ஊர் முதியோரிடம் எஞ்சியுள்ள சொற்களையும் செய்திகளையும் கேட்டுத் தொகுப்பாராயின், திறைக்கணக்கு எழுதாத வரலாறு ஒன்று எழுதப்படும்.

வலிமை யானையைப் பிடித்தது. பொறுமையே அதனை வாழவைத்தது. அச்சம் நீங்குமுன் சுமையேற்றலாகாது என்னும் உண்மை குதிரைக்கும் யானைக்கும் மாத்திரமன்றி, இளமையைப் பயிற்றும் பொறுப்பை ஏற்ற யாவருக்கும் உரியதாகும்.